தன் முகவரியைத் தானே அறிதல்: கணினி வலையமைப்பு வரலாற்றில் ஒரு சிக்கல்

ஒரு கணினியில் இயங்கும் நிரல், அந்தக் கணினிக்கு உரிய வலையமைப்பு முகவரி எது என்று கண்டறிவது, வலையமைப்பு நிரலாக்கத்தின் மிகப் பழைய சிக்கல்களுள் ஒன்றாகும். அச்சுப்பொறியைப் பலருக்குப் பகிரும் மென்பொருள், இரு கணினிகளுக்கு இடையே ஆடப்படும் விளையாட்டு, இணையவழித் தொலைபேசி போன்றவை மற்றொரு கணினிக்கு "என்னை இந்த முகவரியில் அழைக்கவும்" என்று சொல்ல வேண்டியுள்ளது. அதற்கு நிரல் முதலில் தன் முகவரியை அறிந்திருக்க வேண்டும்.

கேள்வி எளிது, விடைதான் அடிக்கடி தவறாகிறது. சில கணினிகளில் 127.0.0.1 என்று வரும். வேறு சிலவற்றில் 169.254 என்று தொடங்கும் எண் வரும். சரியாகத் தோன்றும் 192.168.56.1 கிடைத்தும், பக்கத்து மேசையில் உள்ள கணினியால் அதனைத் தொடர்பு கொள்ள முடியாது. நிரலில் பிழை ஏதும் இல்லாதபோதும் இவ்வாறு நேர்கிறது. காரணம், "இந்தக் கணினியின் முகவரி எது" என்ற கேள்வியே ஒரு தவறான எண்ணத்தின் மேல் நிற்பதுதான். கணினிக்கு என்று ஒரு முகவரி எக்காலத்திலும் இருந்ததில்லை. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டின் தொடக்க நாட்களிலேயே இதனைக் காணலாம்.

கம்பி செருகிய வாயிலின் எண்

1969 அக்டோபர் 29 அன்று, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலிருந்து ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்துக்கு ஆர்ப்பாநெட்டின் முதல் செய்தி அனுப்பப்பட்டது. அந்த வலையமைப்பில் ஒவ்வொரு நிலையத்திலும் 'இம்ப்' எனப்பட்ட ஓர் இடைநிலைக் கணினி இருந்தது. பல்கலைக்கழகத்தின் பெரிய கணினிகள் அதனோடு கம்பியால் இணைக்கப்பட்டன. தொடக்கத்தில் ஒரு முகவரியின் நீளம் 8 பிட்டுகள் மட்டுமே. அவற்றுள் 6 பிட்டுகள் எந்த இம்ப் என்பதையும், 2 பிட்டுகள் அந்த இம்பின் எந்த வாயில் என்பதையும் குறித்தன. 64 இம்புகள், ஒவ்வொன்றிலும் 4 வாயில்கள், ஆக மொத்தம் 256 முகவரிகள். அன்று அது தாராளமாகத் தோன்றியது.

இங்கு மாணவர் கவனிக்க வேண்டியது, அந்த எண் கணினிக்கு உரியதன்று, கம்பி செருகப்பட்ட வாயிலுக்கு உரியது என்பதாகும். கம்பியைப் பிடுங்கி அடுத்த வாயிலில் செருகினால் அதே கணினியின் முகவரி மாறிவிடும். ஒரே கணினியை இரண்டு இம்புகளோடு இணைத்தால் அதற்கு இரண்டு முகவரிகள். இரண்டு தெருக்கள் கூடும் இடத்தில் உள்ள மூலை வீட்டுக்கு, ஒரு தெருவின் வாசலில் ஒரு கதவிலக்கமும் மறு தெருவின் வாசலில் வேறொரு கதவிலக்கமும் இருப்பதைப் போன்றது இது. "வீட்டின் எண் என்ன" என்று கேட்பவரிடம், "எந்தத் தெரு வழியாக வருகிறீர்கள்" என்று திருப்பிக் கேட்டால்தான் சரியான விடையைச் சொல்ல முடியும்.

எனினும் அக்காலத்தில் யாருக்கும் இது தொல்லையாக இல்லை. கணினிகள் மிகச் சில. அவற்றின் பெயர்களும் முகவரிகளும் ஒரே கோப்பில் எழுதப்பட்டிருந்தன. ஸ்டான்ஃபோர்டு ஆய்வு நிறுவனத்தில் எலிசபெத் ஃபைன்லர் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அந்தக் கோப்பைப் பராமரித்தது. புதிய கணினியைச் சேர்க்க விரும்புவோர் மையத்துக்குத் தெரிவிப்பார்கள். திருத்திய கோப்பைப் பிற நிலையங்கள் பிரதி எடுத்துக்கொள்ளும். தன் முகவரி என்ன என்று நிரல் அறிய விரும்பினால் அந்தப் பட்டியலில் தன் பெயரைத் தேடினால் போதும். இந்தப் பழக்கம், பட்டியலின் காலம் முடிந்த பிறகும் நெடுநாள் நீடித்தது. பின்னாளில் நேர்ந்த குழப்பங்களில் பாதிக்கு இதுவே வேர் எனலாம்.

பெர்க்லி விட்டுச்சென்ற வழக்கம்

1983 ஜனவரி 1 அன்று ஆர்ப்பாநெட் பழைய நெறிமுறையைக் கைவிட்டு டி.சி.பி./ஐ.பி. நெறிமுறைக்கு மாறியது. 1981 செப்டம்பரில் வெளியான ஆர்.எஃப்.சி. 791 ஆவணம் வகுத்தபடி முகவரி 32 பிட்டுகளாக நீண்டது. (ஆர்.எஃப்.சி. என்பது இணையத்தின் நெறிமுறைகள் வெளியிடப்படும் ஆவணத் தொடர்.) அதே 1983இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 4.2 பி.எஸ்.டி. என்ற யூனிக்ஸ் பதிப்பை வெளியிட்டது. இன்றும் எல்லா இயங்குதளங்களிலும் பயன்படும் 'சாக்கெட்' என்ற நிரலாக்க முறை அதன்வழியே பரவியது.

அதில் இரு செயற்கூறுகள் இருந்தன. 'கெட்ஹோஸ்ட்நேம்' என்பது கணினியின் பெயரைத் தரும். 'கெட்ஹோஸ்ட்பைநேம்' என்பது பெயரைக் கொடுத்தால் முகவரியைத் தரும். இரண்டையும் அடுத்தடுத்து அழைத்தால் தன் முகவரி கிடைத்துவிடும் என்று நிரலாளர்கள் கண்டனர். பாடநூல்களும் எடுத்துக்காட்டு நிரல்களும் இதனையே கற்பித்தன. அன்றைய கணினிக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு வலையமைப்பு அட்டை. அதற்கு நிலையான ஒரு முகவரி. அதனை நிர்வாகி தன் கையாலேயே ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதி வைத்திருப்பார். ஆகவே விடை சரியாகவே வந்தது.

ஆனால் இந்த முறை உண்மையில் வலையமைப்பு அட்டையிடம் எதையும் கேட்பதில்லை. ஒரு கோப்பில் யாரோ எழுதி வைத்ததைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. ஒருவரின் இருப்பிடத்தை அறிய அவரிடம் கேட்காமல் பழைய குடும்ப அட்டையைப் பார்ப்பதற்கு இதனை ஒப்பிடலாம். 1989 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1122, ஒரு கணினிக்குப் பல இடைமுகங்களும் பல முகவரிகளும் இருக்கக்கூடும் என்பதை விரிவாகவே விளக்கியது. அதைப் படித்தவர்களைவிட எடுத்துக்காட்டு நிரலைப் பிரதி எடுத்தவர்களே அதிகம்.

127 என்று தொடங்கும் எண்களுக்கும் இக்காலத்திலேயே தனிப்பணி அமைந்தது. அவை 'லூப்பேக்' எனப்படும் உள்சுற்றுக்கு ஒதுக்கப்பட்டவை. 127.0.0.1க்கு அனுப்பப்படும் செய்தி கணினியை விட்டு வெளியே செல்லாது. அனுப்பிய கணினிக்கே திரும்பிவிடும். "நான்" என்ற சொல்லைப் போன்றது அது. யார் சொன்னாலும் சொன்னவரையே குறிக்கும்.

முகவரி வாடகைக்கு வந்தது

1980களில் வட்டு இல்லாத மேசைக் கணினிகள் பல்கலைக்கழகங்களில் பெருகின. தன்னுள் எதையும் சேமிக்க இயலாத கணினி, மின்சாரம் வந்தவுடன் தன் முகவரியையே அறியாமல் விழித்தெழும். அதற்குத் தெரிந்தது தன் அட்டையில் பொறிக்கப்பட்ட வன்பொருள் எண் மட்டுமே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் 1984 ஜூனில் வகுத்த 'ரார்ப்' நெறிமுறையின்படி, அந்தக் கணினி தன் வன்பொருள் எண்ணை வலையமைப்பு முழுவதற்கும் கேட்கும்படி அறிவித்து "நான் யார்" என்று வினவும்; பட்டியல் வைத்திருக்கும் ஒரு வழங்கி விடையளிக்கும். 1985 செப்டம்பரில் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் ஆகியோர் எழுதிய 'பூட்பி' இதனை விரிவாக்கியது. இரண்டிலும் எந்தக் கணினிக்கு எந்த முகவரி என்பதை நிர்வாகி முன்னரே எழுதி வைக்க வேண்டும்.

1993 அக்டோபரில் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் வெளியிட்ட டி.எச்.சி.பி. இந்த நிலையை மாற்றியது. இதன்படி முகவரி குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாகத் தரப்படும். காலம் முடியும் முன் புதுப்பிக்கலாம். புதுப்பிக்காவிட்டால் வேறு கணினிக்குப் போய்விடும். இன்று வீட்டிலும் பள்ளியிலும் உள்ள ரூட்டர் செய்வது இதுவே. நிர்வாகிகளுக்கு இது பெரும் விடுதலை. ஆனால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் முகவரியை எழுதி வைப்பது அன்றோடு பொருளற்றதாயிற்று. காலையில் எழுதிய முகவரி மாலையில் மாறியிருக்கலாம்.

டி.எச்.சி.பி. வழங்கி விடையளிக்காவிட்டால் கணினி என்ன செய்யும் என்ற கேள்விக்கு, விண்டோஸ் 98 போன்ற இயங்குதளங்கள் ஒரு வழி கண்டன. 169.254 என்று தொடங்கும் எண்களுள் ஒன்றைத் தானாகத் தேர்ந்துகொள்வதே அது. 2005 மே மாதம் ஆர்.எஃப்.சி. 3927 இதனை முறைப்படுத்தியது. ஆகவே ஒரு நிரல் இத்தகைய எண்ணைக் காட்டினால் நிரலைக் குறை கூறுவதில் பயனில்லை. கம்பியையும் ரூட்டரையும் பார்க்க வேண்டும்.

பத்தாம் எண் வலையமைப்பு

32 பிட்டுகளால் ஏறத்தாழ 429 கோடி முகவரிகளே அமையும். 1990களின் தொடக்கத்திலேயே இவை தீர்ந்துவிடும் என்ற அச்சம் எழுந்தது. 1994 மார்ச்சில் ஆர்.எஃப்.சி. 1597 ஒரு தீர்வை முன்வைத்தது. சில எண்களை ஒதுக்கி வைப்போம். எந்த நிறுவனமும் தன் சுவர்களுக்குள் அவற்றைப் பயன்படுத்திக்கொள்ளட்டும். வெளியே அவை செல்லாது என்றது. அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் மிகப் பெரியது 10 என்று தொடங்கும் தொகுதி. அதில் 1,67,77,216 முகவரிகள் உண்டு. அந்தப் பத்தாம் எண் ஒருகாலத்தில் ஆர்ப்பாநெட்டுக்கே உரிய எண்ணாக இருந்தது. 1990இல் ஆர்ப்பாநெட் மூடப்பட்டபின் அது வெறுமையாகக் கிடந்தது. உலகின் முதல் பெருவலையமைப்பின் எண், இப்போது யார் வேண்டுமானாலும் வீட்டுக்குள் புழங்கும் எண்ணாகிவிட்டது.

எல்லோரும் இதனை ஏற்கவில்லை. 1994 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1627 கடும் எதிர்ப்புடன் வெளியானது. ஒரு முகவரி உலகில் ஒரே ஒரு இடத்தைக் குறிக்க வேண்டும் என்ற இணையத்தின் அடிப்படையே இதனால் சிதையும் என்பது அதன் வாதம். அதனை எழுதியவர்களுள் ஒருவர் எலியட் லியர். 1996 பிப்ரவரியில் தனி முகவரிகளை உறுதிப்படுத்தி ஆர்.எஃப்.சி. 1918 வெளிவந்தபோது, அதன் ஆசிரியர்களிலும் அவர் பெயர் உள்ளது. எதிர்த்தவரே இறுதி ஆவணத்தில் இணைந்தது, தேவை எவ்வளவு நெருக்கியது என்பதைக் காட்டுகிறது. ஆனாலும் அவர் முன்பு எச்சரித்ததும் நடக்கவே செய்தது.

1994 மே மாதம் எகெவாங், ஃபிரான்சிஸ் ஆகிய இருவரும் எழுதிய ஆர்.எஃப்.சி. 1631, 'நாட்' என்ற முகவரி மாற்று முறையை விளக்கியது. வீட்டுக்குள் பல கணினிகள் தனி முகவரிகளுடன் இருக்கும். வாயிலில் உள்ள ரூட்டர் வெளியே செல்லும் ஒவ்வொரு பொதியிலும் அனுப்புநர் முகவரியை அழித்துத் தன் பொது முகவரியை எழுதிவிடும். இதன்பின் ஒரு கணினிக்கு உள்ளே ஒரு முகவரி, வெளியே வேறொரு முகவரி என்றாயிற்று. வெளி முகவரியை அந்தக் கணினி அறியவே அறியாது. "ஏ பிளாக், 12" என்ற வீட்டு எண் ஊரில் உள்ள எல்லா அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் இருக்கும். அதை மட்டும் எழுதி வெளியூருக்குக் கடிதம் போட்டால் பதில் எங்கே வரும்?

முதலில் அடிபட்டது எஃப்.டி.பி. எனப்படும் கோப்புப் பரிமாற்ற நெறிமுறை. அதில் பெறும் கணினி தன் முகவரியையும் வாயில் எண்ணையும் செய்தியின் உள்ளேயே எழுதி அனுப்பும்; வழங்கி அந்த முகவரிக்குத் திரும்ப அழைக்கும். நாட் ரூட்டர் மாற்றுவது உறையின் மேல் உள்ள முகவரியை. கடிதத்தின் உள்ளே எழுதியது அப்படியே 192.168 என்று போய்ச் சேரும். வழங்கி அந்த எண்ணை அழைத்தால் யாரும் இருக்கமாட்டார்கள். இதனைச் சமாளிக்கச் சில ரூட்டர்கள் கடிதத்தைப் பிரித்து உள்ளே இருந்த எண்ணையும் மாற்றத் தொடங்கின. உதவியாகத் தோன்றிய இந்தச் செயல் பின்னர் வேறொரு தொல்லையைத் தந்தது.

பிறரிடம் கேட்டறிதல்

இணையவழித் தொலைபேசி வந்தபோது இருவரும் நாட் ரூட்டருக்குப் பின்னால் இருந்தனர். 2003 மார்ச்சில் வகுக்கப்பட்ட 'ஸ்டன்' நெறிமுறை ஒரு குறுக்குவழி சொன்னது. வெளியே உள்ள ஒரு வழங்கிக்குச் செய்தி அனுப்பி, "என் செய்தி எந்த முகவரியிலிருந்து வந்ததாக உமக்குத் தெரிகிறது" என்று கேட்பதே அது. வழங்கி தான் கண்டதை எழுதி அனுப்பும். ஆனால் உள்ளடக்கத்தில் முகவரியைக் கண்டால் மாற்றும் பழக்கம் கொண்ட ரூட்டர்கள், அந்த விடையையும் வழியிலேயே திருத்திவிட்டன. அதனால் 2008 அக்டோபரில் வெளியான திருத்தப் பதிப்பில், விடையாக வரும் முகவரி ஒரு குறிப்பிட்ட எண்ணோடு கலந்து உருமாற்றி அனுப்பப்பட்டது. இது கள்வர்களுக்கு அஞ்சி மறைத்தது அன்று. வழியில் இருக்கும் நல்லெண்ண உதவியாளர்களுக்கு அஞ்சியது.

ஸ்டன் முறைப்படுத்தப்படும் முன்னரே, 2002 நவம்பரில் இணையக் கட்டமைப்பு வாரியம் ஆர்.எஃப்.சி. 3424 மூலம் ஒரு கண்டிப்பான கருத்தைப் பதிவு செய்தது. ஒரு நிரல் தன் வெளிமுகவரியைத் தானே நிர்ணயிக்க முயல்வதற்கு அந்த ஆவணம் 'அன்சேஃப்' என்று சுருக்கப்பெயர் சூட்டியது. ஆங்கிலத்தில் அது 'ஆபத்தானது' என்றும் ஒலிக்கும். "வெளி" என்று ஒரே ஓர் இடம் இல்லை, யாரைக் கேட்கிறோமோ அவர் பார்வையில்தான் விடை அமையும் என்பது அதன் சாரம். மூலை வீட்டின் கதை இங்கே மீண்டும் வருகிறது.

127.0.1.1 எங்கிருந்து வருகிறது

இதற்கிடையே உள்வலையமைப்பு முகவரியைக் கண்டறிவதிலும் சிக்கல் முற்றியது. 1996இல் வெளியான ஜாவா மொழியின் 'கெட்லோக்கல்ஹோஸ்ட்' என்ற செயற்கூறு, பெர்க்லி வழக்கத்தையே பின்பற்றிப் பெயரிலிருந்து முகவரியைத் தேடியது. அக்காலத்து லினக்ஸ் வெளியீடுகள் சிலவற்றில், நிறுவும்போதே கணினியின் பெயர் ஹோஸ்ட்ஸ் கோப்பில் 127.0.0.1 என்ற வரியிலேயே எழுதப்பட்டது. வலையமைப்பு இல்லாத நேரத்திலும் பெயருக்கு ஒரு முகவரி கிடைக்க வேண்டும் என்பதே நோக்கம். டெபியனும் அதன் வழிவந்தவையும் 127.0.1.1 என்ற எண்ணைத் தனி வரியில் எழுதுகின்றன. எனவே விண்டோஸில் சரியாக இயங்கிய நிரல் லினக்ஸில் 127 என்று விடை தந்தது.

தொலைவிலிருந்து செயற்கூறுகளை அழைக்கும் ஆர்.எம்.ஐ. என்ற ஜாவா வசதியைப் பயன்படுத்தியோர் இதனால் மிகவும் அல்லற்பட்டனர். வழங்கி தன் முகவரி 127.0.0.1 என்று நம்பி அதனையே வாடிக்கைக் கணினிக்கு எழுதிக் கொடுக்கும். வாடிக்கைக் கணினி அந்த எண்ணை அழைக்கும்போது தன்னையே அழைத்துக்கொள்ளும். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்ற பிழைச்செய்தி வழங்கியிலிருந்து வருவதாக எண்ணி, அங்கே மணிக்கணக்காகத் தேடுவார்கள். பிழைச்செய்தியில் எந்த முகவரி அழைக்கப்பட்டது என்பதை முதலில் பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

இடைமுகங்களையே நேரடியாகக் கேட்கும் வழிகளும் வந்தன. 2002இல் ஜாவா 1.4 பதிப்பில் எல்லா இடைமுகங்களையும் பட்டியலிடும் வசதி சேர்ந்தது. அதே ஆண்டு லினக்ஸின் அடிப்படை நிரலகமான கிளிப்சியிலும் 'கெட்இஃப்ஆட்ஸ்' என்ற செயற்கூறு வந்தது. கோப்பை நம்பாமல் அட்டையையே கேட்பதால் இது மேலானதுதான். ஆயினும் இப்போது விடை ஒன்றல்ல, ஒரு பட்டியல். கம்பி இணைப்புக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று, வி.பி.என்.னுக்கு ஒன்று என முகவரிகள் வரிசையாக வரும். விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவிய கணினியில் பெரும்பாலும் 192.168.56.1 இருக்கும், டாக்கர் நிறுவியிருந்தால் 172.17.0.1 இருக்கும். இவ்விரண்டும் கணினிக்குள்ளேயே உள்ள கற்பனை வலையமைப்புகளின் வாயில்கள். பட்டியலின் முதல் முகவரியைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் நிரல் இவற்றில் போய்ச் சிக்குகிறது.

நிரலாளரிடையே பரவியுள்ள மற்றொரு வழி நுட்பமானது. யு.டி.பி. வகை சாக்கெட் ஒன்றை உருவாக்கி, வெளியே உள்ள ஏதேனும் ஒரு முகவரியுடன், எடுத்துக்காட்டாக 8.8.8.8 உடன், 'இணை' என்று சொல்ல வேண்டும். யு.டி.பி.யில் இந்த ஆணையால் ஒரு பொதிகூட வெளியே செல்லாது. இயங்குதளம் தன் வழித்தட அட்டவணையைப் பார்த்து, அந்த இலக்குக்குச் செல்ல எந்த இடைமுகம், அதில் எந்த முகவரி என்று முடிவு செய்து வைக்கும். பின்னர் சாக்கெட்டின் சொந்த முகவரியைக் கேட்டால் அது கிடைத்துவிடும். லினக்ஸில் 'ஐபி ரூட் கெட்' என்ற கட்டளை இதையே திரையில் காட்டும்.

இந்த முறை பெரும்பாலும் சரியான விடை தருவதற்குக் காரணம், இதில் கேள்வியே மாறியிருப்பதுதான். "என் முகவரி எது" என்று கேட்காமல், "அவரிடம் போக நான் எந்த முகவரியைப் பயன்படுத்துவேன்" என்று கேட்கிறது. எனினும் இலக்கைப் பொறுத்தே விடை அமையும் என்பதை மறக்கக் கூடாது. வி.பி.என். இயங்கும் கணினியில் 8.8.8.8க்கு ஒரு விடையும், பக்கத்து அறை அச்சுப்பொறிக்கு வேறு விடையும் வரலாம். வெளியுலக இணைப்பே இல்லாத ஆய்வகத்தில், வழித்தடம் இல்லை என்ற பிழையே மிஞ்சும். அங்கெல்லாம் உண்மையில் பேச வேண்டிய கணினியின் முகவரியையே இலக்காகக் கொடுக்க வேண்டும்.

பல வேளைகளில் கேள்வியே தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு வழங்கி 0.0.0.0 என்ற முகவரியில் காத்திருந்தால், எல்லா வாசல்களிலும் கதவைத் திறந்து வைத்ததாகப் பொருள். யாராவது இணைந்தபின், அந்த இணைப்பையே கேட்டால் அவர் எந்த வாசல் வழியாக வந்தார் என்பது தெரிந்துவிடும்.

128 பிட்டுகளும் மறைக்கப்படும் முகவரியும்

1995 டிசம்பரில் முதன்முதலாக வரையறுக்கப்பட்ட ஐ.பி.வி.6, முகவரியை 128 பிட்டுகளாக நீட்டியது. ஒரே இடைமுகத்துக்குப் பல முகவரிகள் இருப்பது இதில் இயல்பான நிலை. அந்தத் தெருவுக்குள் மட்டும் செல்லும் எஃப்.இ.80 முகவரி ஒன்று, உலகெங்கும் செல்லும் முகவரி ஒன்று, பயனரைப் பின்தொடர்வதைத் தடுக்க அவ்வப்போது மாறும் தற்காலிக முகவரி ஒன்று. இவற்றுள் எதைப் பயன்படுத்துவது என்பதற்கென்றே 2003இல் ஒரு விதித்தொகுப்பு எழுதப்பட்டு, 2012இல் திருத்தப்பட்டது. பெர்க்லியின் 'கெட்ஹோஸ்ட்பைநேம்' 2008ஆம் ஆண்டின் பாசிக்ஸ் தரத்திலிருந்து நீக்கப்பட்டது. பழைய நிரல்களில் அது இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

2015இல் இந்த வரலாறு எதிர்பாராத பக்கம் திரும்பியது. உலாவிகளுக்குள்ளேயே காணொலி உரையாடலை இயலச்செய்யும் வெப்ஆர்டிசி, ஸ்டன் முறையையும் இடைமுகப் பட்டியலையும் பயன்படுத்துகிறது. எந்த இணையதளமும் சில வரி நிரலால் பயனரின் உள்வலையமைப்பு முகவரியைப் படித்துவிடலாம் என்பது அப்போது பரவலாகத் தெரியவந்தது. வி.பி.என். மூலம் தம்மை மறைத்துக்கொண்டதாக நம்பியிருந்தோரில் சிலரின் உண்மையான வெளிமுகவரியும் இவ்வழியே வெளிப்பட்டது. பின்னர் உலாவிகள் உள்முகவரிக்குப் பதிலாக, '.லோக்கல்' என முடியும் பொருளற்ற தற்காலிகப் பெயர் ஒன்றை இணையதளத்துக்குக் கொடுக்கத் தொடங்கின. பக்கத்துக் கணினி அந்தப் பெயரை உள்வலையமைப்பில் கூவி அழைத்தால் உரிய கணினி பதில் சொல்லும். வெளியே இருக்கும் இணையதளத்துக்கு அது வெறும் எழுத்துக்குவியல். கேமரா அல்லது ஒலிவாங்கிக்குப் பயனர் அனுமதி தராதவரை, உலாவிக்குள் இயங்கும் நிரலுக்கும் பொதுவாக உள்முகவரிக்குப் பதிலாக அந்தப் பெயரே காட்டப்படுகிறது.